மோட்டார் ஓடுகிறதா என்று போன் உண்மையைச் சொல்ல வேண்டும்: மேட்டர்.ஜேஎஸ் வைத்து ஒரு டேங்க் கன்ட்ரோலர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க். கீழே சம்ப். சம்புத் தண்ணீரை மேலே ஏற்ற ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டார். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சம்பில் இறங்கும். அதை மேலே ஏற்றுவது அம்மாவின் பொறுப்பு. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார். பின்பக்கச் சுவரில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் ஓடி வந்து நிறுத்துவார். முழங்கால் வலி வந்த பிறகு அந்த ஓட்டம் அவரால் முடியவில்லை.

"கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியேப்பா, இது தானா நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடேன். ஆனா சுவத்துல ஸ்விட்ச் இருக்கணும். போன்ல மட்டும்தான்னா எனக்கு வேண்டாம்" என்றார். அந்த நிபந்தனை சரியானது. வேலை முழுக்க அதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

தானாக நிற்கிற கன்ட்ரோலர் கடையிலேயே கிடைக்கும். எனக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும்: டேங்க் நிரம்பிவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா என்று போனில் தெரிய வேண்டும். அதற்காக எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் தகவல் போய்த் திரும்பக் கூடாது. இணையம் இல்லாத நாளிலும் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் மேட்டர் நெறிமுறையை, அதாவது வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழியை, தேர்ந்தெடுத்தேன். முன்பு ஜிக்பீ அலையன்ஸ் என்ற பெயரில் இருந்து, இப்போது கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு 2022 அக்டோபரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் நான்குமே இதை ஏற்றிருக்கின்றன. கருவியும் போனும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஐபிவி6 என்ற முகவரி முறை வழியாகப் பேசிக்கொள்ளும்.

அந்த நெறிமுறையை முழுக்க டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதியிருக்கும் நூலகம்தான் மேட்டர்.ஜேஎஸ். அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் ஓடுகிற எந்தப் பெட்டியும் இதை வைத்து ஒரு மேட்டர் கருவியாகிவிடும். கருவிகளைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் இதே நூலகத்தில் எழுதலாம். சி++ கம்பைல் செய்து மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு வரியை மாற்றினால் அடுத்த நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் வயரிங். இதில் எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் இல்லாமல் நான் கை வைக்கவில்லை. நான் வாங்கி வைத்திருந்த நீல நிற ரிலே போர்டை (சின்ன மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, இதுல நேரா மோட்டாரைக் கொடுத்தீங்கன்னா ஒரு மாசத்துல ஒட்டிக்கிரும். அப்புறம் நீங்க என்ன ஆஃப் பண்ணினாலும் நிக்காது. காண்டாக்டர் போடுங்க."

அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. காண்டாக்டர் என்பது மோட்டார் மாதிரிப் பெரிய சுமைக்கென்றே உள்ள கனமான ரிலே. அந்த ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அது ஹீட்டர் போன்ற சாதாரணச் சுமைக்கான கணக்கு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் அந்தப் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே ரிலேயின் வேலை காண்டாக்டரின் காயிலுக்கு, அதாவது ஏ1, ஏ2 முனைகளுக்கு, கரண்ட் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. மோட்டாரின் சுமையைக் காண்டாக்டர் தாங்குகிறது.

தண்ணீரில் மிதந்து மட்டத்தைச் சொல்லும் ஃப்ளோட் ஸ்விட்ச் இரண்டு: மேல் டேங்க் நிரம்பினால் ஒன்று திறக்கும், சம்பில் தண்ணீர் தீர்ந்தால் இன்னொன்று திறக்கும். 230 வோல்ட்டைக் குடிக்கிற தண்ணீருக்குள் இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளோட் வயரில் 12 வோல்ட் டிசிதான் ஓடுகிறது. ஒவ்வொரு ஃப்ளோட்டும் இரண்டு ஜோடி முனை உள்ள ஒரு சின்ன ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ஜோடி முனை காண்டாக்டர் காயிலோடு தொடரில் இருக்கிறது, இன்னொரு ஜோடி, என் நிரல் ஓடுகிற ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்கிறது. டேங்க் நிரம்பினாலும் மோட்டார் நிற்கும், ஃப்ளோட் வயரை எலி கடித்தாலும் நிற்கும். என் நிரல் தொங்கிப்போனாலும் தண்ணீர் வழியாது. நிரலை நம்பி இந்த ஒரு வேலையை ஒப்படைக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன்.

இனி மென்பொருள். நோட்.ஜேஎஸ் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம்மில் மேட்டரின் தொடக்கக் கட்டளையைக் கொடுத்தால் ஒரு மாதிரி புராஜெக்ட் வந்துவிடுகிறது. மேட்டரில் ஒரு கருவி என்பது ஒரு நோட் (நெட்வொர்க்கின் ஒரு கணு). நோட்டுக்குள் எண்ட்பாயிண்ட்கள், அதாவது கருவியின் தனித்தனிப் பகுதிகள். எண்ட்பாயிண்டுக்குள் கிளஸ்டர்கள், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைகளும் நிலைகளும் சேர்ந்த தொகுப்புகள். பூஜ்யம் எண் எண்ட்பாயிண்ட் நிர்வாகத்துக்கு. நான் மூன்று சேர்த்தேன்: மோட்டாருக்கு ஆன்-ஆஃப் பிளக், மேல் டேங்குக்கு ஒரு காண்டாக்ட் சென்சார், சம்புக்கு இன்னொன்று. காண்டாக்ட் சென்சார் என்பது கதவு, ஜன்னலுக்கு உண்டானது. நீர்க்கசிவு சென்சார் மேட்டர் 1.3 பதிப்பில், 2024 மே மாதம், வந்துவிட்டது என்றாலும் எல்லா ஆப்களிலும் காண்டாக்ட் சென்சார் தெரியும் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். மேல் டேங்க் என்ற பெயருக்கு எதிரே 'திறந்திருக்கிறது' என்று வந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது.

சர்வர் நோட்டை உருவாக்கி, எண்ட்பாயிண்ட்களைச் சேர்த்து, ஓடவிட வேண்டும். ஐம்பது வரிகூட வராது. திரையில் க்யூஆர் கோடும் 11 இலக்க எண்ணும் வந்தபோது, ஒரு முழு ஸ்மார்ட் பிளக் என் கைக்குள் இருக்கிறது என்ற சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. மாதிரி நிரலில் ஜோடி சேர்க்கும் ரகசிய எண் 20202021 என்று இருக்கும். அதை மாற்றிவிடுங்கள். 12345678, 11111111 மாதிரி எண்களை மேட்டர் விதியே ஏற்காது.

ஜோடி சேர்ப்பதில்தான் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. போன் தேடிக்கொண்டே இருந்தது, கருவி கிடைக்கவில்லை. நிரலை நாலு தடவை படித்தேன். தப்பு நிரலில் இல்லை. போன் மாடியில் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டரில் இருந்தது, ராஸ்பெர்ரி பை கீழே ரவுட்டரில். மேட்டர் கருவி தன்னை எம்டிஎன்எஸ் மல்டிகாஸ்ட் வழியாகத்தான், அதாவது நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொல்லும் முறையில், அறிவிக்கும். அந்த எக்ஸ்டெண்டர் மல்டிகாஸ்டை அந்தப் பக்கம் விடவில்லை. ரவுட்டரில் ஐபிவி6-ம் அணைந்திருந்தது. அதை ஏற்றி, போனைக் கீழே ரவுட்டரில் இணைத்ததும் பத்து விநாடியில் கருவி தெரிந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் நிரலைத் தொடும் முன், பையிலேயே, இந்த அறிவிப்புகளைப் பட்டியலிடும் ஆவாஹி பிரவுஸ் கட்டளையைப் போட்டு அறிவிப்பு வெளியே போகிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கே அறுகிறதோ அங்கேதான் கோளாறு. டாக்கரில் ஓட்டுகிறவர்கள் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்ட வேண்டும். டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் போட்டால் இதே கதைதான். இன்னொன்று, ஜோடி சேர்க்கும் ஜன்னல் 15 நிமிடத்துக்கு மேல் திறந்திருக்காது. தேடித் தேடி நேரம் போயிருந்தால் நிரலை ஒருமுறை நிறுத்தி ஓட்டுங்கள்.

நம்முடையது சோதனை அடையாள எண் கொண்ட கருவி. ஆப்பிள் ஹோமில் சேர்த்தால் சான்றிதழ் இல்லாத கருவி என்று எச்சரித்துவிட்டு உள்ளே விடும். கூகுள் ஹோமுக்கு, போனில் உள்ள அதே கூகுள் கணக்கில் டெவலப்பர் கன்சோலில் அந்த எண்களை முன்பே பதிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டுக்குமே வீட்டில் ஒரு ஹப், அதாவது அந்தந்த நிறுவனத்தின் மையக் கருவி, தேவை.

அடுத்து ரிலேயை இயக்கும் பின். பின்களை இயக்கும் ஆன்ஆஃப் என்ற என்பிஎம் பேக்கேஜை எடுத்து ஜிபிஐஓ 17-ஐ (பையின் 17-ஆம் எண் இன்புட்-அவுட்புட் பின்) திறக்கச் சொன்னால், தவறான மதிப்பு என்று பிழை காட்டிவிட்டு நின்றது. என் பழைய பையில் ஓடிய அதே வரி. புதிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில், கெர்னல் 6.6 முதல், சிஸ்எஃப்எஸ் எண்கள், அதாவது இந்தப் பேக்கேஜ் பின்களை அழைக்கும் கெர்னல் எண்கள், 512-லிருந்து தொடங்குகின்றன. ஆகவே 17 என்பது 529. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். கெர்னலின் டீபக் ஃபோல்டருக்குள் ஜிபிஐஓ என்ற ஃபைலைத் திறந்து பார்த்தால் உங்கள் போர்டின் சரியான எண் தெரிந்துவிடும்.

பின் கிடைத்தது. ஆனால் நிரல் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ரிலே 'டிக்' என்று ஒரு துடிப்பு துடித்தது. காண்டாக்டரையும் இழுத்தது. மோட்டார் ஒரு உறுமல் உறுமி நின்றது. இந்த ரிலே போர்டுகள் தலைகீழானவை: பின் கீழ் நிலைக்குப் போனால் ரிலே மேலே ஏறும். பேக்கேஜில் 'அவுட்' என்று பின்னைத் திறந்தால் அது கீழ் நிலையில்தான் பிறக்கும். நான் மேல் நிலைக்கு மாற்றும் வரை உள்ள அந்தக் கணத்தில் ரிலே ஏறிவிடுகிறது. 'அவுட்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஹை' என்று கொடுத்தேன், துடிப்பு போய்விட்டது. ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் மோட்டாரின் கேப்பாசிட்டர் அடிவாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மதியம் கரண்ட் போயிற்று.

நான் வெளியில் இருந்தேன். தம்பி வீட்டிலிருந்து போன் செய்தான்: "அண்ணே, ஆப்ல மோட்டார் ஆன்ல இருக்குன்னு காட்டுது, ஆனா கரண்டே இல்லையே?" எங்கள் வீட்டில் லைட், ஃபேன், ரவுட்டர், பை எல்லாம் இன்வெர்ட்டரில். மோட்டார் மட்டும் நேரடி ஈபி லைனில். கரண்ட் போனதும் காண்டாக்டர் விழுந்துவிட்டது. பைக்கு அது தெரியாது. அது கேட்டதெல்லாம் 'ஆன் செய்' என்ற கட்டளையை மட்டும்தான். அதை நிறைவேற்றிவிட்டோம் என்ற நினைப்பில் போனுக்கு 'ஆன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தம்பியிடம் மோட்டார் லைனின் எம்சிபியை (கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கச் சொல்லி அவன் போவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ரிலே மூடியேதான் இருந்தது, ஆகவே யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பியது. மோட்டார் பக்கத்தில் அந்த நேரம் யாரும் கையை வைத்திருக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் செய்து வைத்திருந்தது ஒரு ரிமோட். அது மோட்டாரின் நிலையைச் சொல்லவில்லை, கடைசியாக யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதைத்தான் திருப்பிச் சொன்னது. மேட்டரில் ஒரு கட்டளை கிளஸ்டரின் நிலையை மாற்றுகிறது, ஆப்கள் அந்த நிலையைச் சந்தா கட்டிக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நிலைக்கும் நிஜ உலகத்துக்கும் உள்ள தொடர்பை நூலகம் தராது. அதைக் கட்ட வேண்டியது நான்.

மறுநாள் காண்டாக்டரின் பக்கவாட்டில் பார்த்தால் 13, 14 என்று எழுதிய இரண்டு முனைகள் சும்மா கிடந்தன. துணை முனைகள். காண்டாக்டர் உள்ளே இழுத்தால்தான் அவை சேரும். அவற்றின் வழியே 12 வோல்ட்டை அனுப்பி, சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றை இடையில் வைத்து, பையின் ஒரு இன்புட் பின்னுக்குக் கொண்டுவந்தேன். பையின் 3.3 வோல்ட்டை நேராக அதில் விடலாமே என்று தோன்றும். அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்குப் பெரிய காண்டாக்டரின் முனைகள் நம்பிக்கையாகச் சேராது. 230 வோல்ட் பக்கத்தில் ஓடும் வயரைப் பையோடு நேரடியாகக் கட்டுவதும் ஆகாது.

நிரலை மாற்றி எழுதினேன். ஆன் கட்டளை வந்தால் ரிலே மூடும். ஒரு விநாடிக்குள் துணை முனை சேரவில்லை என்றால் ரிலேயைத் திறந்து, பிளக்கின் ஆன்-ஆஃப் நிலையை நானே ஆஃப் என்று எழுதிவிடுவேன். சந்தா கட்டிய எல்லா ஆப்களுக்கும் அது உடனே போய்ச் சேரும். ஓடிக்கொண்டிருக்கும்போது துணை முனை பிரிந்தாலும் அதேதான்: ரிலே திறக்கும், நிலை ஆஃப் ஆகும். கரண்ட் திரும்ப வந்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பாது, ஒருவர் மறுபடி போட வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கும்போது ஆன் கட்டளை வந்தால், ஆன்-ஆஃப் சர்வர் வகுப்பின் ஆன் முறையை மேலெழுதி, இந்த நிலையில் முடியாது என்ற மேட்டர் பிழையைத் திருப்பி அனுப்புகிறேன். ஆப்பில் பொத்தான் ஏறி உடனே இறங்கிவிடுகிறது.

பை ரீஸ்டார்ட் ஆனால்? இதிலும் ஒரு குழி உண்டு. மேட்டரில் பிளக்கின் ஆன்-ஆஃப் நிலை நினைவில் எழுதி வைக்கப்படுகிறது. ஆன் நிலையில் பை அணைந்தால், எழுந்ததும் ஆன் என்றே நினைத்துக்கொண்டு எழும். ஸ்டார்ட்அப் ஆன்-ஆஃப் என்ற பண்பு இதற்குத்தான். அதை ஆஃப் என்று வைத்தேன். படுக்கையறை விளக்கு பழைய நிலையிலேயே எழலாம். தண்ணீர் மோட்டார் எழக் கூடாது.

அப்புறம் காண்டாக்டர் 'டக் டக் டக்' என்று அடித்த கதை. டேங்க் நிரம்பும் கடைசி நிமிடத்தில் தண்ணீர் அலையடிக்கும், ஃப்ளோட் மேலும் கீழும் ஆடும். அலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று, ஃப்ளோட் திறந்தாலும் துணை முனை பிரிந்தாலும் 2 விநாடி பொறுத்துப் பார்க்க நான் நிரலில் சொல்லியிருந்தேன். அந்த 2 விநாடியில் ஃப்ளோட் ரிலே காயிலைத் துண்டிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தது, என் ரிலே மூடியே இருந்ததால் காண்டாக்டர் ஒவ்வொரு அலைக்கும் ஆடியது. மாடியில் நின்றால் மூடிக்கு உள்ளே ஃப்ளோட் ஆடுவதும் கீழே காண்டாக்டர் அடிப்பதும் ஒரே தாளத்தில் கேட்டது. கணக்கைத் திருப்பிப் போட்டேன். முதல் அலையிலேயே, ஒரு மில்லி விநாடிகூடப் பொறுக்காமல் ரிலேயைத் திற. மறுபடி ஆன் செய்ய அனுமதிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்: ஃப்ளோட் தொடர்ந்து 30 விநாடி கீழே இருந்தால்தான் அனுமதி. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கேப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பரையும் (மின் துள்ளலை அடக்கும் சுற்று) போட்டேன், காண்டாக்டர் விழும்போது பையின் இன்புட்கள் பொய்யாகத் துடித்தது நின்றது.

எல்லாம் முடிந்து, பை எழும்போது நிரல் தானாக ஓடும்படி சிஸ்டம்டி சேவையாக மாற்றிய அன்று போனிலிருந்து கருவி காணாமல் போயிற்று. திரையில் புதுக் கருவி மாதிரி க்யூஆர் கோடு. மேட்டர்.ஜேஎஸ் ஜோடித் தகவலைப் பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் மறைந்த ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. நான் அதுவரை என் பெயரில் ஓட்டினேன், சேவை ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் ஓடியது. வேறு வீடு, வேறு நினைவு. சேமிப்பு இடத்தை நிரலுக்கு வெளியே ஒரு நிலையான ஃபோல்டராகச் சொல்லிவிட்டு, அதைப் பேக்கப்பிலும் சேர்த்தேன்.

அம்மாவின் ஸ்விட்ச்? சாதாரண காலிங் பெல் பொத்தான் ஒன்று, பையின் இன்னொரு பின்னில். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அழுத்தினால் அதே ஆன், ஆஃப் பாதையில்தான் போகிறது, ஆகவே போனிலும் உடனே தெரியும். பை செத்தே போனால்? எலக்ட்ரீசியன் அண்ணன் பெட்டிக்கு வெளியே ஆட்டோ–மேனுவல் திருகு ஸ்விட்ச் ஒன்றை மாட்டிவிட்டார். மேனுவலில் பையின் ரிலே மட்டும் விலகும், ஃப்ளோட்கள் இரண்டும் தொடரிலேயே இருக்கும்.

கடைசியாகக் கன்ட்ரோலர். இது நான் ஆசைக்குச் செய்தது. மேட்டரில் ஒரு கருவியைக் குறைந்தது ஐந்து ஃபேப்ரிக்குகள், அதாவது தனித்தனிக் கட்டுப்பாட்டுக் குழுக்கள், பகிர்ந்துகொள்ளலாம். போனில் இருந்து பகிர் என்று கேட்டு ஒரு புது 11 இலக்க எண்ணை வாங்கி, பழைய லேப்டாப்பில் மேட்டர்.ஜேஎஸ்ஸில் எழுதிய சின்னக் கன்ட்ரோலருக்குக் கொடுத்தேன். முதலில் மேட்டர்.ஜேஎஸ்ஸின் ஷெல் பேக்கேஜில் கையால் கட்டளை போட்டுப் பழகிக்கொண்டது உதவியது. கன்ட்ரோலருக்கு ஒரே வேலை: பிளக்கின் நிலைக்குச் சந்தா கட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு ஒரு வரியாக எழுதுவது.

தொடக்கத்தில் காலி டேங்க் நிரம்ப 19 நிமிடம் என்று வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வாரம் 22. நாலாவது வாரம் 26. நிரலில் கோளாறோ என்று தேட வேண்டிய அவசியம் வரவில்லை; அந்த நேரங்கள் 13, 14 முனைகளிலிருந்து வந்தவை, காண்டாக்டர் இழுத்த நேரம், விட்ட நேரம். ஞாயிற்றுக்கிழமை எம்சிபியை இறக்கி, சம்ப் மூடியைத் திறந்து, உறிஞ்சு குழாயை மேலே தூக்கினோம். குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் வலையில் பாசியும் சேறும் கனமாக அப்பியிருந்தது. தம்பி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினான். குழாயைத் திரும்ப இறக்கி, பிரைமிங் தண்ணீர் ஊற்றி, அம்மா பொத்தானை அழுத்தினார்.

அன்றைய வரி: 19 நிமிடம் 40 விநாடி.